முதலில் வெளியே போக வேண்டியவர் டீச்சர்

"பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டுப் போனா, போர்ஷனை யார் முடிக்கிறது?"

அனுபவக் கற்றல், களப்பயணம் என்று யார் பேச்செடுத்தாலும் ஸ்டாஃப் ரூமில் முதலில் வந்து விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கேட்பவருக்கு ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், இரண்டு மூன்று செக்‌ஷன்கள், காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள், இடையில் எமிஸ் பதிவு வேலை. அவரிடம் போய் "பாடத்தை நான்கு சுவர்களுக்கு வெளியே கொண்டுபோங்கள்" என்று ஒரு சர்க்குலரை நீட்டினால், ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கும் வேலையோடு இன்னொன்று சேர்ந்ததாகத்தான் அவருக்குப் படும். ஆகவே டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. வெளியே போய்க் கற்பது நம் பள்ளிகளில் வேரூன்றாததற்குப் பிள்ளைகள் காரணமில்லை. பணம்கூடப் பெரிய காரணமில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் தாங்கள் மாணவராக இருந்தபோதும் சரி, பி.எட். படித்தபோதும் சரி, ஒரு பாடத்தைக்கூட அப்படிக் கற்றதில்லை. தான் அனுபவிக்காத ஒன்றை ஒருவர் எப்படி நடத்துவார்? பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் எது இதில் சேராது என்று பார்த்துவிடுவோம். வருடத்துக்கு ஒரு முறை பஸ் வைத்து வண்டலூர் போய், புளியோதரை சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது சுற்றுலா. அது பிள்ளைகளுக்கு வேண்டிய சந்தோஷம், இருக்கட்டும். ஆனால் பாடம் என்பது வேறு. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984-இல் வெளியான தன் நூலில் அனுபவக் கற்றலை நான்கு கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார். ஒன்றைச் செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்தை எடுப்பது, அந்தக் கருத்தை இன்னோர் இடத்தில் சோதித்துப் பார்ப்பது. சுற்றுலாவில் முதல் கட்டத்தோடு பஸ் திரும்பிவிடுகிறது. மீதி மூன்றும் ஆசிரியர் செய்யவைக்க வேண்டியவை. அவற்றுக்குத்தான் பயிற்சி தேவை.

இந்த விஷயத்தோடு சென்னை அடையாறுக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தன் மகன் மாரியோவோடு சென்னைக்கு வந்தார். அழைத்தது தியசாபிகல் சொசைட்டி. அப்போது அதன் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். அடையாறு ஆல்காட் கார்டன்ஸில் ஓலைக் கொட்டகைகள் போட்டு, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் ஊர் திரும்புவதாக வந்தவர்தான். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசின் கண்ணில் தாயும் மகனும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவைக் காவலில் வைத்தார்கள். ஆகஸ்டில், மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டித்தான் மகனை விடுவித்தார்கள். போர் முடிந்து 1946-இல்தான் மாண்டிசோரி ஐரோப்பா திரும்பினார்.

அந்தக் கட்டாயத் தங்கலில் ஒரு பகுதி கோடைக்கானலில் கழிந்தது. செடி, பூச்சி, கல், மண், மழை என்று பிள்ளைகள் கையில் எடுத்து வந்தவற்றிலிருந்தே தாவரவியலும் புவியியலும் வரலாறும் கிளைவிடும் ஒரு முறை அங்கே உருவானது. உலகத்தில் எதுவும் தனியாக நிற்பதில்லை, ஆகவே பாடங்களும் தனித்தனியாக நிற்க வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படை. 'காஸ்மிக் எஜுகேஷன்' என்று அதற்குப் பெயர். அதை விளக்கும் அவருடைய நூலை 1948-இல் வெளியிட்டது அடையாறு கலாக்ஷேத்ரா.

இதில் நமக்கு முக்கியமானது பயிற்சி நடந்த விதம். மாண்டிசோரி பயிற்சியில் ஆசிரியர் உரை கேட்டு நோட்ஸ் எடுப்பதோடு விடமாட்டார்கள். பிள்ளை கையாளப்போகும் ஒவ்வொரு கருவியையும் ஆசிரியர் பிள்ளையைப் போலவே உட்கார்ந்து கையாள வேண்டும். அதைத் தன் கையால் எழுதி, வரைந்து, தனக்கென ஒரு ஆல்பம் தயாரிக்க வேண்டும். பிறகு ஒரு வகுப்பின் மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். செய்வது, எழுதுவது, பேசாமல் கவனிப்பது: இந்த மூன்றும் இன்றும் அந்தப் பயிற்சியின் முதுகெலும்பு.

மாண்டிசோரி என்றால் பணக்காரப் பள்ளி விஷயம் என்று நினைப்பவர்களுக்காக இதே ஊரிலிருந்து இன்னொரு கதை. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரி ஆந்திராவில் ரிஷிவேலி பள்ளியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகள். மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய், ஒரே வகுப்பில் பல வயதுப் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் படிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்து பிள்ளைகள் படிப்பதற்கான கற்றல் அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். சுவரில் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளை தன் வருகையைத் தானே பதிந்தது, அன்றைய வானிலையைத் தானே குறித்தது. இந்த முறை மாநகராட்சிப் பள்ளிகள் முழுக்கப் பரவி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. அட்டையைத் தானே செய்த ஆசிரியருக்கு ஒவ்வொரு அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். அச்சாகி மூட்டையாக வந்து இறங்கிய அட்டையைப் பெற்றவருக்கு அது இன்னொரு புத்தகம். ஒரு கற்றல் முறை பரவும்போது பொருள் எளிதில் பெருகிவிடும். அனுபவம் அப்படிப் பெருகாது, ஒவ்வோர் ஆசிரியருக்கும் புதிதாகக் கிடைத்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் ஒரு பயிற்சி நாள் எப்படி இருக்கலாம்? தென்சென்னையிலேயே மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதல் இடம் எலியட்ஸ் பீச், காலை ஏழு மணி. எல்லாப் பாட ஆசிரியர்களும் வரட்டும். அலை ஒதுக்கிய கோட்டில் கிடக்கும் மட்டி ஓடுகளில் ஆளுக்கு ஐம்பது பொறுக்கச் சொல்லுங்கள். சிலவற்றில், இரண்டு ஓடுகளும் இணையும் மூட்டுக்குப் பக்கத்தில், சின்னதாகக் கச்சிதமான வட்டத் துளை ஒன்று இருக்கும். "இது எப்படி வந்தது?" என்று பயிற்றுநர் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பதில்கள் வரும். அலை அடித்து வந்த ஓட்டை. பாறையில் உரசி வந்தது. யாரோ மாலை கோக்கப் போட்டது. எதையும் சரி, தப்பு என்று சொல்லாமல் அடுத்த கேள்வி: "அலையில் உடைந்தால் வட்டமாகவா உடையும்?" பிறகு: "துளையின் வாய் வெளிப்பக்கம் அகலமா, உள்பக்கம் அகலமா?" இப்போது எல்லோரும் ஓட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோவார்கள். வெளியே அகலம், உள்ளே குறுகல். அப்படியென்றால் வெளியிலிருந்துதான் ஏதோ துளைத்திருக்கிறது. "ஏன் பெரும்பாலும் மூட்டுப் பக்கமே?" இப்படிப் போய்ப் போய், மட்டியை வேட்டையாடித் தின்னும் ஒரு கடல் நத்தையிடம் வந்து சேர்வார்கள். அந்த நத்தை ஒரு சுரப்பால் ஓட்டை இளக்கி, அரம் போன்ற தன் நாக்கால் சுரண்டித் துளை போட்டு, உள்ளே இருக்கும் சதையைத் தின்கிறது.

விடையை முதல் நிமிடமே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். அரை மணி நேரம் தேடியபின் கிடைத்தபோது அந்த ஆசிரியர்களுக்கு ஏற்பட்ட பரபரப்பு இருக்கிறதே, அதைத்தான் அவர்கள் வகுப்புக்கு எடுத்துப் போக வேண்டும். கூடவே, விடை தெரியாமல் நிற்பது எவ்வளவு சங்கடம் என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும். பிள்ளைகள் தினமும் நிற்கும் இடம் அதுதான்.

இனி ஒவ்வொருவரும் தன் பாடத்தை அதே ஓட்டில் தேடுவார்கள். கணக்கு டீச்சருக்கு ஐம்பதில் எத்தனை துளைபட்டவை என்ற சதவீதம், பத்துப் பேரின் எண்ணிக்கை ஏன் ஒன்றுபோல் இல்லை என்ற கேள்வி. வேதியியலுக்குக் கால்சியம் கார்பனேட்டும் அமிலமும். உயிரியலுக்கு இரை, வேட்டை. ஆங்கில டீச்சர், பொருளின் பெயரைச் சொல்லாமல் அதை நான்கு வாக்கியங்களில் வர்ணிக்கச் சொல்வார். சமூக அறிவியல் ஆசிரியர் கரையோடு நடந்து கேட்பார்: இந்த மணல் எங்கிருந்து வந்தது? வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்ததும் மணல் அங்கே தடைபட்டுத் தெற்குப் பக்கம் சேர்ந்தது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. ஒரு கட்டுமானம் ஓரிடத்துக்குக் கொடுத்ததும் இன்னோரிடத்தில் பறித்ததும் ஒரே பாடத்தில் வந்துவிடுகிறது.

இரண்டாவது இடம் மயிலாப்பூர். இந்த மாதிரிப் பயிற்சி என்றாலே தமிழாசிரியர் "இது சயின்ஸ் காரங்களுக்கு" என்று ஒதுங்கிக்கொள்வதுண்டு. அவரை முன்னால் அழைக்க வேண்டிய இடம் இது. கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. திருஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் தொடக்கத்திலேயே ஊரைப் புன்னை நிற்கும் கடற்கரைச் சோலையாக அறிமுகம் செய்து, பிறகு மாதந்தோறும் நடக்கும் விழாக்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. மாசியில் கடலாட்டும் உண்டு. புன்னை நெய்தல் நிலத்து மரம். அதன் இலையைக் கையில் எடுத்தால் தடித்து, பளபளப்பாக, நரம்புகள் நெருக்கமாக இருக்கும். உப்புக் காற்றைத் தாங்க அப்படியோர் இலை வேண்டும் என்று தாவரவியல் டீச்சர் சொல்வார். நெய்தல் திணைக்கு ஏன் அந்த மரம் என்று தமிழாசிரியர் சொல்வார். ஒரே இலையில் இரண்டு பாடங்களும் சந்தித்துவிட்டன. கோயிலுக்குள் வரத் தயங்கும் பிள்ளைகள் இருந்தால் கடற்கரைப் பக்கத் தெருக்களில் நிற்கும் புன்னை போதும். யாரையும் சங்கடப்படுத்தாத இடத்தைத் தேர்வதும் பயிற்சியின் பகுதியே.

கோயிலுக்கு எதிரே குளம். கதவு பூட்டியிருந்தால் கம்பிக்கு வெளியே நின்றே எண்ணலாம்: தண்ணீருக்கு மேலே எத்தனை படிகள்? ஜனவரியில் ஒரு எண்ணிக்கை, ஏப்ரலில் ஒரு எண்ணிக்கை. ஆறு படி இறங்கியிருந்து, ஒரு படி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீர்மட்டம் 1.2 மீட்டர் குறைந்திருக்கிறது. அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் 1,200 லிட்டர். மாட வீதியில் நடந்து அடி அளந்து குளத்தின் பரப்பைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. படியின் உயரத்தை ஊகித்தோமே, அதில் இரண்டு சென்டிமீட்டர் பிசகினால் விடை எவ்வளவு மாறும்? பிழையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கிருந்து மந்தைவெளிப்பாக்கம் நடந்து போகும் தூரம்தான். சேகர் ராகவனின் ஆகாஷ் கங்கா டிரஸ்ட் 2002-இல் தொடங்கிய ரெயின் சென்டர் அங்கே இருக்கிறது. ஒரு வீட்டின் மொட்டை மாடியில் விழும் மழை எப்படிக் கிணற்றுக்கும் மண்ணுக்கும் போகிறது என்று மாதிரிகளோடு காட்டுவார்கள். அந்த மையம் தொடங்கிய மறு ஆண்டு தமிழகம் முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். 500 சதுர மீட்டர் மொட்டை மாடியுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ஏழு லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை, தன் பள்ளிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தானாகப் போய்ப் பார்க்கும்.

மூன்றாவது, தி. நகர். கடைத்தெருவில் என்ன பாடம் என்று கேட்கலாம். நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டுகிடந்த பெரிய ஏரியை வற்றவைத்து 1920-களில் எழுந்த பேட்டை அது. பெரு மழையில் அங்கே தண்ணீர் ஏன் நிற்கிறது என்று பிள்ளைகள் பழைய வரைபடத்தையும் இன்றைய தெருவையும் வைத்துத் தேடலாம். 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கிய தியாகராய செட்டி, டி.எம். நாயர், நடேச முதலியார் மூவரின் பெயரும் அந்தப் பேட்டையில் தெருவாகவும் பூங்காவாகவும் இருக்கின்றன. பனகல் பார்க்கின் பெயர் 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவருடையது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இரண்டு மதிப்பெண் விடையாகக் கிடக்கும் வரலாற்றை, பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கலாம்.

கிண்டி தேசியப் பூங்கா, 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்டு 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா என்று இன்னும் இடங்கள் உண்டு. ஆனால் இடத்தின் பெருமையை நம்ப வேண்டாம். மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்த மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றிப் பத்திரிகைப் பத்தி எழுதினார். அவர் எழுதியவற்றில் காடுகள் மட்டுமல்ல, வீட்டுப் பக்கம் வந்த காக்கையும் அணிலும்கூட உண்டு. பள்ளி வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தால் வருடம் முழுக்கப் பாடம் நடத்தலாம். எப்போது இலை உதிர்கிறது, எப்போது பூக்கிறது, நிழல் பத்து மணிக்கு எங்கே, இரண்டு மணிக்கு எங்கே. அதற்கு பஸ் வேண்டாம், ஃபீஸ் வேண்டாம், ஒரு பீரியட் போதும்.

இப்போது போர்ஷன் கேள்விக்கு வருகிறேன். வெளியே போவதைப் பாடத்துக்குக் கூடுதலாக வைத்தால் நேரம் போதாதுதான். பாடத்துக்குப் பதிலாக வைக்க வேண்டும். பயிற்சியின் பிற்பகலில் ஆசிரியர்கள் செய்ய வேண்டியது இந்த வேலையைத்தான். பாடப்புத்தகத்தைத் திறந்து, வரும் பருவத்தில் எந்த மூன்று பாடங்களை வெளியே நடத்தினால் வகுப்பில் திரும்ப நடத்த வேண்டியிருக்காது என்று குறித்துக்கொள்வது. மூன்று போதும். பரப்பளவு, சராசரி, நீர்ச் சுழற்சி, நெய்தல், உணவுச் சங்கிலி போன்றவை வெளியே நன்றாக வரும். சில பாடங்கள் கரும்பலகையில்தான் நன்றாக வரும், அவை அங்கேயே இருக்கட்டும்.

பயிற்சியில் விடாமல் கற்றுத்தர வேண்டிய திறமைகள் மூன்று. ஒன்று, கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்வது. பத்துக் கேள்விகள் உள்ள ஒர்க் ஷீட் கையில் இருந்தால் பிள்ளையின் கண் காகிதத்திலேயே இருக்கும். இரண்டு, கேட்டபின் காத்திருப்பது. ஆசிரியர்களுக்கு இது மிகக் கடினம், மௌனம் வந்தாலே நாமே பதில் சொல்லிவிடுவோம். மூன்று, திரும்பி வந்தபின் இருபது நிமிடம் ஒதுக்குவது. என்ன பார்த்தாய், எதனால் அப்படி நினைக்கிறாய், வேறெங்கே இப்படி இருக்கும் என்ற பேச்சு நடக்காவிட்டால் போன நேரம் வீண்.

பாதுகாப்பையும் இதே பயிற்சியில் பழக வேண்டும். ஆசிரியர் முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்துவர வேண்டும்: கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, ரோட்டை எங்கே கடப்பது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லாத இடத்துக்கு நீண்ட நேரம் போகக்கூடாது. எலியட்ஸ் பீச்சில் கடல் இழுக்கும், கணுக்கால் அளவுக்குக்கூடத் தண்ணீரில் இறங்குவதில்லை என்பது விதி. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக, ஒருவருக்கொருவர் பொறுப்பாக நடக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்து, முதலுதவிப் பெட்டி, தண்ணீர், பத்து மணிக்குள் திரும்புவது. வீல்சேரில் வரும் பிள்ளை மணலில் இறங்க முடியாதென்றால் அன்றைக்கு எல்லோருக்குமே பாடம் நடைபாதையில்.

இதற்குப் புதிய அமைப்பு எதுவும் வேண்டாம். வட்டார வள மையங்கள் இருக்கின்றன, ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. 1856-இல் தோன்றிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வழிவந்த கல்லூரி சைதாப்பேட்டையில் இருக்கிறது, அடையாறு ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரம். குறுவள மையக் கூட்டங்களில் ஒன்றை ப்ரொஜெக்டர் இல்லாமல், காலை ஏழு மணிக்கு ஒரு குளக்கரையிலோ கடற்கரையிலோ வைக்கட்டும். பிறகு மூன்று வாரம் கழித்து அதே ஆசிரியர்களை மறுபடி கூட்டட்டும். பெரும்பாலான பயிற்சிகளில் விடுபடுவது இந்த இரண்டாவது கூட்டம்தான். அதற்கு ஒவ்வொருவரும் தன் பிள்ளைகளின் நோட்டுகளோடு வர வேண்டும். எந்தக் கேள்வி எடுபட்டது, எது எடுபடவில்லை, எந்தப் பிள்ளை எதிர்பாராத ஒன்றைப் பார்த்தது என்று பேசட்டும். தலைமை ஆசிரியர்களும் அதில் உட்காரட்டும். வகுப்பு காலியாக இருப்பதைப் பார்த்ததும் "எங்கே போயிட்டாங்க?" என்று அதட்டாத ஒரு எச்.எம். இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு பயிற்சி நடந்தது என்பதற்கு இப்போது நாம் கேட்கும் சாட்சி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அதற்குப் பதில் நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைக் கேட்போம். அவற்றில் டீச்சர் சொல்லாத ஒரு கேள்வியைப் பிள்ளை தானாக எழுதியிருந்தால், அந்தப் பயிற்சிக்குச் செலவிட்ட பணமும் நேரமும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.